திருடனின் கையும் காதும்: 2014-இன் 'தீஃப்' மறுதொடக்கம் குறித்த நிகழ்வு ஆய்வு

'தீஃப்' வீடியோ விளையாட்டின் நாயகனான திருடன் காரெட்டின் கைகளிலிருந்து தொடங்குவதுதான் நியாயம். சுவரில் தொங்கும் ஓவியத்தின் முன் நின்று பொத்தானை அழுத்தினால், இரு கைகளும் எழுந்து சட்டத்தின் விளிம்பைத் தடவத் தொடங்குகின்றன. விரல்கள் மரத்தின் மீது மெல்ல ஊர்கின்றன. எங்கோ ஓரிடத்தில் மறைவான குமிழ் தட்டுப்படுகிறது. அழுத்தினால் ஓவியம் விலகிப் பெட்டகம் தெரிகிறது. சுவர் மூலையில் எட்டிப் பார்க்கும்போது ஒரு கை தானாக நீண்டு சுவரைப் பற்றிக்கொள்கிறது. மேசை மீதுள்ள கத்தரிக்கோலையும் பேனாவையும் காரெட் சுருட்டும் விதத்தில் பல ஆண்டுப் பழக்கம் தெரிகிறது. முதல்நபர் பார்வையில், அதாவது நாயகனின் கண்வழியே, நடக்கும் விளையாட்டுகளில் கைகளுக்காக இவ்வளவு உழைத்தவை அந்தக் காலத்தில் மிகக் குறைவு.

அதே விளையாட்டில், இரண்டு சுவர்களுக்கு அப்பால் நிற்கும் காவலன் நம் தோள்மீது சாய்ந்துகொண்டு பேசுவதுபோலக் கேட்கிறான். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறான். அவன் மேலே இருக்கிறானா, கீழே இருக்கிறானா, கதவுக்குப் பின்னால் இருக்கிறானா என்று காதை வைத்துச் சொல்ல முடிவதில்லை.

ஈடோஸ் மான்ட்ரியல் நிறுவனம் உருவாக்கி, 2014 பிப்ரவரி இறுதியில் வெளிவந்த 'தீஃப்' பற்றி எனக்குச் சொல்ல இருப்பது இந்த இரண்டு பத்திகளுக்குள் அடங்கிவிடும். அவர்கள் களவைக் கையின் தொழிலாகப் பார்த்தார்கள். அவர்களுக்குக் கிடைத்த பரம்பரைச் சொத்தோ, களவைக் காதின் தொழிலாகக் கட்டியிருந்தது. இந்த விளையாட்டின் பலங்களில் பெரும்பாலானவையும் பலவீனங்களில் பெரும்பாலானவையும் அந்த ஒரே முடிவின் கிளைகள்தாம்.

கைக்கு வந்த சொத்து

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இயங்கிய லுக்கிங் கிளாஸ் ஸ்டூடியோஸ், 1998 இறுதியில் 'தீஃப்: தி டார்க் பிராஜெக்ட்' என்ற விளையாட்டைக் கொண்டுவந்தது. முதல்நபர் பார்வை என்றாலே துப்பாக்கி என்றிருந்த காலம் அது. அந்த ஆண்டுதான் 'ஹாஃப்-லைஃப்' வந்து எல்லோரையும் வாயடைக்க வைத்திருந்தது. அதே பார்வைக் கோணத்தை வைத்துக்கொண்டு, சண்டையைத் தவிர்ப்பதையே விளையாட்டாக மாற்றியது லுக்கிங் கிளாஸ். கடினநிலையை உயர்த்தினால் எதிரிகளின் பலம் கூடுவது வழக்கம். இங்கே கூடியது நம் கடமை: யாரையும் கொல்லக்கூடாது, இன்னும் அதிகம் திருட வேண்டும்.

இதன் அடித்தளம் ஒலி. லுக்கிங் கிளாஸ் தனக்கென எழுதிக்கொண்ட டார்க் என்ஜின் என்ற அடிப்படை மென்பொருளில் ஒவ்வொரு கட்டடமும் அறைகளின் தொடராகப் பதிவாகியிருந்தது. ஓரிடத்தில் எழும் சத்தம் அறை விட்டு அறை, வாசல் வழியாகப் பயணித்துத்தான் நம்மை வந்தடையும். சுவரைத் துளைத்துக்கொண்டு வராது. ஆகவே நடைபாதையின் வளைவுக்கு அப்பால் ஒரு காவலன் நடந்தால், அவனுடைய காலடி அந்த வளைவின் பக்கமிருந்தே கேட்டது. இதே கணக்கு காவலனின் காதுக்கும் பொருந்தியது. நாம் ஓடு பதித்த தரையில் நடந்தால் அவனுக்குக் கேட்கும், கம்பளத்தில் நடந்தால் கேட்காது. முதல் பணியான பாஃபோர்டு பிரபுவின் மாளிகையை விளையாடியவர்களுக்கு இது நினைவிருக்கும்: கல்தரை தொடங்கும் இடத்தில் ஓட்டம் நடையாகி, நடை ஊர்தலாகிவிடும்.

காவலர்கள் சும்மாவும் பேசிக்கொண்டார்கள். அந்த மாளிகையின் வாசலில் இருவர் நின்றுகொண்டு கரடிச் சண்டை பார்க்கப் போவதைப் பற்றி அங்கலாய்க்கும் உரையாடல் பழைய ரசிகர்களுக்கு மனப்பாடம். அது வெறும் நகைச்சுவைத் துணுக்கு என்று தோன்றும். ஆனால் அந்த இருவரும் எங்கே நிற்கிறார்கள், எவ்வளவு அசட்டையாக இருக்கிறார்கள் என்பதை ஒரு வார்த்தை வழிகாட்டுதல் இல்லாமல் நமக்குச் சொல்லிவிடுகிறது. வரைபடமும் அப்படித்தான். யாரோ அவசரமாகக் கிறுக்கிக் கொடுத்த தாள், பாதி இடங்களில் கேள்விக்குறி. எஞ்சியதை நாமே கேட்டுக் கேட்டு நிரப்பிக்கொள்ள வேண்டும்.

2000 மார்ச்சில் இரண்டாம் பாகம் வந்தது, மே மாதத்தில் லுக்கிங் கிளாஸ் மூடப்பட்டது. மூன்றாம் பாகமான 'டெட்லி ஷேடோஸ்' 2004-இல் அயன் ஸ்டார்மின் ஆஸ்டின் கிளையிலிருந்து வந்தது. அந்த நிறுவனமும் அடுத்த ஆண்டே மூடப்பட்டது. 2009 மே மாதத்தில் ஈடோஸ் மான்ட்ரியல் நான்காவதை அறிவித்தபோது அதற்கு எண்ணும் உண்டு, 'தீஃப் 4'. எண்ணை உதிர்த்துவிட்டு வெறும் 'தீஃப்' ஆக முழுமையாக வெளிக்காட்டப்பட்டது 2013-இல்தான். அறிவிப்புக்கும் வெளியீட்டுக்கும் இடையே ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள். அந்த இடைவெளியில், 2012 அக்டோபரில், ஆர்கேன் நிறுவனத்தின் 'டிஸ்ஆனர்ட்' வந்து இதே இருட்டுக் கூரைகளின் மீது ஏறி உட்கார்ந்துகொண்டது. வீட்டுக்காரர் திரும்பி வருவதற்குள் வேறொருவர் குடியேறிவிட்ட கதைதான்.

கை செய்தது

நல்லதை அவசரமாகச் சொல்லிவிட்டுக் குறைக்குத் தாவுவது இந்த விளையாட்டைப் பற்றி எழுதுவோரின் வழக்கம். நல்லது இங்கே கொஞ்சமும் சில்லறையல்ல.

முதலாவது நடமாட்டம். காரெட் குனிந்த நிலையிலிருந்து ஒரே வீச்சில், சத்தமின்றி, சில அடி தூரம் வழுக்கிச் செல்ல முடியும். ஒரு நிழலிலிருந்து அடுத்த நிழலுக்கு இப்படிப் பாயும்போது உடலின் எடை மாறுவது தெரிகிறது. இவ்வளவு லாகவமாக நகரும் முதல்நபர் கதாபாத்திரங்கள் இன்றும் அரிது. இதற்கு ஒரு விலையும் உண்டு. பழைய காரெட் வெளிச்சமான கூடத்தைக் கடக்க வேண்டுமென்றால் காவலனின் நடையை எண்ணிக் காத்திருக்க வேண்டும், அல்லது நீர் அம்பை எய்து தீப்பந்தத்தை அணைக்க வேண்டும். புதிய காரெட் இரண்டு பாய்ச்சலில் கடந்துவிடுகிறான். வெளிச்சத்தின் மீதிருந்த பயம் பாதியாகக் குறைந்துபோகிறது. ஆனாலும் அந்த அசைவைக் கையிலெடுத்து எறிந்துவிட எனக்கு மனம் வராது.

இரண்டாவது, வாளைப் பிடுங்கியது. முதல் இரண்டு பாகங்களில் காரெட்டிடம் வாள் உண்டு. மாட்டிக்கொண்டால் தடுமாறியாவது சண்டையிட்டுத் தப்பலாம். இங்கே ஒரு தடியும் வில்லும் மட்டுமே. இரண்டு காவலர்கள் சேர்ந்துவிட்டால் கதை முடிந்தது, ஓட வேண்டியதுதான். ஓடுவதற்குக் கூரைகளும் குழாய்களும் இருக்கின்றன. பயந்த திருடனை உருவாக்குவதில் இந்தக் குழு மூலத்தைவிட ஒரு படி துணிச்சலாகவே நடந்துகொண்டது.

மூன்றாவது, சிறு சிறு இடைஞ்சல்கள். தரையில் சிதறிய கண்ணாடித் துண்டுகள் காலில் மிதிபட்டால் நொறுங்கும். கூண்டில் அடைத்த பறவைகள், அருகே வேகமாகப் போனால் படபடத்துக் கத்தும். நாய்களுக்கு இருட்டு ஒரு பொருட்டே அல்ல. மெழுகுவர்த்தியைக் கிட்டே போய் விரலால் நசுக்கி அணைக்கலாம். இவையெல்லாம் சேரும்போது ஒரே ஒரு அறையைச் சத்தமின்றிக் கொள்ளையடிப்பது நிறைவான வேலையாகிறது. பூட்டுத் திறப்பும் அந்த ரகம்: குச்சியைச் சுழற்றிச் சுழற்றி, கட்டை சரியான இடத்தில் நிற்கும்போது வரும் அதிர்வைப் பிடித்து அழுத்த வேண்டும். பின்னால் காவலன் திரும்பி வரும் நேரத்தில் இதைச் செய்யும்போது உள்ளங்கை வியர்க்கும்.

இந்த மூன்றும் ஒன்றுசேர்ந்து மிளிர்வது முதன்மைக் கதையில் அல்ல, ஓரங்களில். தரகன் பேஸோ கொடுக்கும் சில்லறைத் திருட்டுகளும், எக்டர், விட்டோரி என்ற இரு வாடிக்கையாளர்களுக்காகச் செய்யும் தனிப் பணிகளும்தான் இந்த விளையாட்டின் நல்ல பகுதி. ஒரு வீடு, ஒரு பொருள், உள்ளே போக இரண்டு மூன்று வழிகள். உலகத்தைக் காப்பாற்றச் சொல்லி யாரும் கெஞ்சுவதில்லை. திருடிய அரிய பொருட்கள் மணிக்கூண்டிலுள்ள காரெட்டின் மறைவிடத்தில் கண்ணாடிப் பேழைகளுக்குள் சேர்ந்துகொண்டே போகின்றன. பணத்துக்காக மட்டும் திருடாத, பொருளின் மீதே மோகம் கொண்ட ஒரு மனிதனைப் பற்றி அந்தப் பேழைகள் சொல்வதைக் கதை வசனங்கள் சொல்வதில்லை.

காது கேட்காதது

வெளியான வாரத்தில் வந்த விமர்சனங்கள் பலவும் ஒலிக் கோளாறுகளைச் சுட்டிக்காட்டின: உரையாடல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவது, தூரம் பற்றிய உணர்வே இல்லாமல் குரல்கள் ஒலிப்பது, ஒரே பேச்சு ஓயாமல் சுழல்வது. விமர்சகர்களில் பெரும்பாலோர் இதைத் தொழில்நுட்பக் குறைகளின் பட்டியலில் சேர்த்துவிட்டு மேலே போனார்கள். வேறு வகை விளையாட்டாக இருந்தால் நானும் அப்படியே செய்திருப்பேன்.

இங்கே அது ஆணிவேரைத் தொடும் கோளாறு. ஒரு ஜன்னலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருவர் பேசுகிறார்கள். பேச்சு முடிகிறது, மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறது, நடுவில் தெருவில் போகும் ஒருவனுடைய புலம்பல் அதன்மீது ஏறுகிறது. அந்த இருவரில் ஒருவன் ஜன்னலுக்குப் பக்கத்தில் இருக்கிறானா, அறையின் மறுகோடியில் இருக்கிறானா? காது கைவிட்டுவிட்டதால் இயல்பாகக் கண்ணை நாடுகிறோம். அதற்கு விளையாட்டு தரும் பதில் 'ஃபோகஸ்' என்ற சிறப்புப் பார்வை. பொத்தானை அழுத்தினால் உலகம் மங்கி, திருடத்தக்க பொருட்களும் ஏறத்தக்க குழாய்களும் நீலமாய் ஒளிர்கின்றன. பூட்டுக்குள் இருக்கும் கட்டைகள்கூடத் தெரிகின்றன. கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டியதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி ஆக்கிவிட்டார்கள்.

வினோதம் என்னவென்றால், இதே விளையாட்டு ஒலித் தொழில்நுட்பத்தில் முன்னோடி என்று விளம்பரப்படுத்தப்பட்டது. ஏஎம்டி நிறுவனத்தின் ட்ரூஆடியோ என்ற ஒலிச் செயலாக்க வசதியை முதலில் பயன்படுத்திய விளையாட்டு இதுதான். வெளியான அடுத்த மாதம் ஒரு திருத்தத்தின் மூலம் அது சேர்க்கப்பட்டது. பெரிய கூடத்தில் எதிரொலி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கான கணக்கு அது. எந்தக் குரல் எந்த வாசல் வழியாக வர வேண்டும் என்ற கேள்வி அதற்கு முந்தையது. 1998-இல் கிடைத்த அற்பமான கணினி பலத்தில் அதற்கு விடை கண்டிருந்தார்கள்.

ஜன்னல்களின் நகரம்

நகரத்துக்கு இந்தத் தொடரில் பெயர் கிடையாது. 'நகரம்', அவ்வளவுதான். 2014-இன் நகரம் பார்வைக்கு அழகானது. அன்ரியல் என்ஜின் 3-ஐத் திருத்தி எடுத்துக்கொண்டு ஈரக் கல்பாவிய தெருக்களையும் மூடுபனியையும் தொற்றுநோய் பீடித்த சந்துகளையும் அருமையாகத் தீட்டியிருக்கிறார்கள். ஆனால் அதில் வழி தெரிந்துகொள்வது பெரும் தண்டனை.

காரணம் ஜன்னல்கள். ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குப் போக வேண்டுமானால் ஒரு குறிப்பிட்ட ஜன்னலையோ இடுக்கையோ கண்டுபிடிக்க வேண்டும். காரெட் கன்னக்கோலைச் செருகுகிறான், நாம் ஒரே பொத்தானை விடாமல் தட்டுகிறோம், ஜன்னல் திறக்கிறது, லோடிங் திரை வருகிறது. இன்னொரு இடத்தில் குறுக்கே விழுந்து கிடக்கும் உத்தரத்தைத் தூக்கி நகர்த்தி ஊர்ந்து போக வேண்டும். அந்த உத்தரம் அங்கே கிடப்பதே அடுத்த பகுதி நினைவகத்தில் ஏறுவதற்கு நேரம் தர. முதல் தடவை அசைவு அழகாக இருக்கிறது. அதே ஜன்னலைப் பலமுறை நெம்பிய பிறகு, தன் ஊரிலேயே அடுத்த தெருவுக்குப் போக ஒவ்வொரு முறையும் கன்னம் வைக்க வேண்டிய இந்தத் திருடன்மீது இரக்கம்தான் வருகிறது. எந்த ஜன்னல் வீட்டுக்குள் போகும், எது அடுத்த தெருவுக்குப் போகும் என்பதும் வெளியிலிருந்து தெரியாது.

இதை வடிவமைப்பாளர்களின் தலையில் மட்டும் கட்டுவது சரியாகாது. விளையாட்டு ஒரே நேரத்தில் கணினிக்கும், பிளேஸ்டேஷன் 3, 4, எக்ஸ்பாக்ஸ் 360, எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகிய நான்கு கருவிகளுக்கும் வந்தது. இவற்றில் பழைய இரண்டிலும் இருந்த நினைவகம் தலா 512 மெகாபைட்; பிளேஸ்டேஷன் 4-இல் 8 ஜிகாபைட். மிகச் சிறிய பானைக்கு அளந்துதான் அரிசி போட முடிந்தது என்பது என் கணிப்பு. இதில் கசப்பான இன்னொரு செய்தி: இது முதல் தடவையே அல்ல. 2004-இன் 'டெட்லி ஷேடோஸ்', 64 மெகாபைட் மட்டுமே கொண்ட முதல் எக்ஸ்பாக்ஸுக்காகத் தன் கட்டடங்களைத் துண்டு போட்டு, நடுவே நீலப் புகைத்திரைகளைத் தொங்கவிட்டது. அன்று ரசிகர்கள் அதைத்தான் அதிகம் திட்டினார்கள். பத்தாண்டு கழித்துப் புகை போய் ஜன்னல் வந்தது.

கயிற்று அம்பைப் பார்த்தால் நிலைமை இன்னும் தெளிவாகும். பழைய விளையாட்டில் கயிற்று அம்பு எந்த மரப்பரப்பிலும் குத்தி நிற்கும். உத்தரம், கூரை, மரப்பலகை எதுவானாலும் சரி. கட்டட வடிவமைப்பாளரே எண்ணிப் பார்க்காத மூலைக்கு நாம் ஏறிவிட முடிந்தது. 2014-இல் அது குறிப்பிட்ட உத்தரங்களில், கயிறு சுற்றி அடையாளமிட்ட இடத்தில் மட்டும் நிற்கும். குதிப்பதற்கும் தனிப் பொத்தான் கிடையாது. குதிக்கலாம் என்று விளையாட்டு முடிவு செய்த விளிம்பில்தான் காரெட் குதிப்பான். இடுப்புயரப் பெட்டி ஒன்றின்மீது ஏற முடியாமல் நகரத்தின் தலைசிறந்த திருடன் அதைச் சுற்றி நடப்பதைப் பார்க்கும்போது சிரிப்பதா எரிச்சல்படுவதா என்று தெரியவில்லை. இரண்டாம் பாகத்தில் ஊரின் கூரைகள் நெடுகவே நடந்து ஒரு கோபுரத்தை அடையும் பணி ஒன்று இருந்தது. அந்தப் பணியை இந்த விதிகளோடு கட்டவே முடியாது.

மலர்களின் மாளிகையில்

மூன்றாம் அத்தியாயம், 'ஹவுஸ் ஆஃப் பிளாசம்ஸ்' என்ற விலைமாதர் விடுதியில் நடக்கிறது. விளையாட்டின் இரு முகங்களும் அடுத்தடுத்துத் தெரிவதால் இதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம்.

உள்ளே போனதும் பட்டுத் திரைகள், சிவப்பு விளக்குகள், புகை. தரைமட்டத்திலும் மேல்தளத்திலும் ஆட்கள் திரிகிறார்கள். சுவர்களுக்குப் பின்னால் குறுகிய மறைவழிகள் ஓடுகின்றன. அவற்றில் ஒளிந்து நடந்து, துளைகள் வழியாக அறைகளுக்குள் பார்க்கலாம். பார்க்க வேண்டியது அறைகளில் இருப்பவர்களை அல்ல, சுவரில் எழுதியிருக்கும் சின்னங்களை. ஒரு கோணத்திலிருந்து பார்த்தால் மட்டுமே முழு வடிவம் கூடும் சின்னங்கள் அவை. அவற்றை நினைவில் வைத்து ஒரு வட்டப் பூட்டைத் திருப்பினால் வழி திறக்கிறது. திருடனின் கண்ணும் மறைவும் ஒன்றுசேரும் நல்ல யோசனை. இந்த அரைப் பகுதியில் எந்த அவசரமும் இல்லை. எத்தனை அறைகளில் நுழைவது, எத்தனை நகைகளை எடுப்பது என்பது நம் விருப்பம்.

பூட்டு திறந்ததும் கட்டடத்துக்கு அடியில் புதைந்த பழைய நூலக இடிபாடுகளுக்குள் இறங்குகிறோம். அங்கிருந்து ஒரே வழி. ஏறு, தாவு, திருப்பு, ஊர்ந்து செல். விளிம்புகளைப் பற்றித் தொங்கிச் செல்லும்போது பார்வை காரெட்டின் முதுகுக்குப் பின்னால் போய்விடுகிறது. இதுவரை உழைத்துக் கட்டிய முதல்நபர் நெருக்கம் அந்த நொடியில் கலைகிறது. திருட்டுக் கதை முடிந்து யாரோ ஒரு புதையல் வேட்டைக்காரரின் சாகசத்துக்குள் நுழைந்துவிட்ட உணர்வு. இந்தப் பாதிக்குப் பாதி அமைப்பு வேறு பல அத்தியாயங்களிலும் திரும்ப வருகிறது. எரியும் பாலத்தின் மீது இடிபாடுகள் சரியச் சரிய ஓடும் காட்சியில் பதுங்கலுக்கு இடமே இல்லை. முன்னே தள்ளு, பிழை செய்தால் மறுபடி தள்ளு.

ஐந்தாம் அத்தியாயமான மொய்ரா மனநலக் காப்பகம் இந்த வரிசையில் விதிவிலக்கு. நீண்ட நேரம் எதிரியே இல்லை. காலியான அறைகள், எங்கோ அறையும் கதவு. இங்கே மட்டும் ஒலி தன் வேலையைச் செய்கிறது, ஏனென்றால் எல்லாம் முன்கூட்டியே திட்டமிட்டு வைத்த ஒலிகள். 'டெட்லி ஷேடோஸ்' விளையாட்டில் ஜோர்டன் தாமஸ் வடிவமைத்த ஷேல்பிரிட்ஜ் கிரேடில் என்ற பாழடைந்த காப்பகத்துக்கு இது வெளிப்படையான வணக்கம். மூலத்தின் கொடூரம் இதில் இல்லை; ஆனாலும் பயமாகத்தான் இருக்கிறது.

கதையும் குரலும்

கதையை வேகமாகத் தாண்டிவிடலாம். தொடக்கம் நன்றாக இருக்கிறது: இளம் திருடி எரின் தேவையில்லாமல் கொல்கிறாள், எரிச்சலுற்ற காரெட் அவளுடைய கொக்கிக் கருவியை அவளுக்குத் தெரியாமல் எடுத்துவிடுகிறான், நார்த்கிரெஸ்ட் பிரபுவின் மாளிகைக் கூரையில் நடக்கும் சடங்கினிடையே அவள் கீழே விழுகிறாள், பற்றிக்கொள்ளக் கருவி இல்லை. ஓராண்டு கழித்து நினைவின்றி நகரம் திரும்பும் காரெட் அந்தக் கொக்கியைத் தானே பயன்படுத்திச் சுவர் ஏறுகிறான். குற்ற உணர்ச்சியை ஒரு கருவியாகக் கையில் கொடுத்திருக்கிறார்கள், அருமையான விதை. அதன்மீது ஆதிசக்தி, கொள்ளைநோய், ஓரியன் என்பவனின் மக்கள் கிளர்ச்சி என்று ஒவ்வொன்றாகக் கொட்டி மூடிவிட்டார்கள். பழைய தொடரின் மதப் பிரிவுகளான ஹாமரைட்டுகளும் பேகன்களும் இடிபாடுகளில் சின்னங்களாக எஞ்சியிருக்கிறார்கள். அவர்கள் இடத்தில் வந்தவர்களுக்கு நம்பிக்கையும் இல்லை, தனிப் பேச்சுமொழியும் இல்லை. நகரம் ஊமையானதற்கு அதுவும் ஒரு காரணம்.

மூன்று பாகங்களிலும் காரெட்டுக்குக் குரல் கொடுத்த ஸ்டீபன் ரஸ்ஸலை மாற்றி ரொமானோ ஓர்சாரியை அமர்த்தினார்கள். உடலசைவுப் பதிவும் குரலும் ஒரே நடிகரிடமிருந்து வர வேண்டும் என்று காரணம் சொன்னார்கள். உடலுக்காகக் குரலை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். இந்த விளையாட்டு எடுத்த முடிவுகள் எல்லாவற்றையும் இந்த ஒன்றில் படிக்கலாம். ஓர்சாரி மோசமில்லை. ரஸ்ஸலின் சலிப்பும் கேலியும் அவரிடம் இல்லை, அவ்வளவே. அந்தக் குரலை 2016-இல் 'டிஸ்ஆனர்ட் 2' தன் நாயகன் கோர்வோவுக்கு எடுத்துக்கொண்டது. களவாடத் தெரிந்தவர்கள் அவர்கள்தான்.

கடினநிலைப் பட்டியல்

இந்த விளையாட்டில் மிகவும் யோசிக்க வைத்த இடம் எந்த அத்தியாயத்திலும் இல்லை. கடினநிலையைத் தேர்ந்தெடுக்கும் திரையில் இருக்கிறது. ரோக், தீஃப், மாஸ்டர் என்ற மூன்று நிலைகளுக்குக் கீழே, நாமே கட்டிக்கொள்ளும் நான்காவது நிலை ஒன்று உண்டு. ஃபோகஸை முற்றிலும் முடக்கலாம். யாரையும் கொல்லவோ மயக்கவோ கூடாது என்று விதிக்கலாம். பணியின் நடுவே சேமிக்கக் கூடாது எனலாம். ஒருமுறை கண்ணில் பட்டாலே அத்தியாயம் தோல்வி எனலாம். இறந்தால் முழு விளையாட்டையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்றுகூடச் செய்துகொள்ளலாம். இவை தவிர, சிறு வரைபடம், இலக்கு காட்டும் குறி, பொருள் மினுமினுப்பு என்று திரையில் தெரியும் உதவிகளைத் தனித்தனியாக அணைக்க முடியும்.

2013-இல் காட்டிய முன்னோட்டத்தில் எதிரியின் தலையில் அம்பு எய்தால் அனுபவப் புள்ளிகள் தெறித்தன. பழைய ரசிகர்கள் கொதித்தார்கள், புள்ளிமுறை நீக்கப்பட்டது. ரசிகர் சொல்லைக் கேட்ட நிறுவனம் என்று பாராட்டலாம். எனக்கு இந்தப் பட்டியல் வேறொன்றைக் காட்டுகிறது: இரண்டு தரப்பாருக்கும் எது பிடிக்கும் என்று குழுவுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது, எதைக் கட்டுவது என்ற முடிவை மட்டும் நம்மிடம் தள்ளிவிட்டார்கள். ஃபோகஸை நான் அணைத்துவிடலாம். அணைத்த பிறகு அதன் இடத்தில் என் காதுக்கு வேலை வந்திருக்க வேண்டும், வரவில்லை. இலக்குக் குறியை அணைத்தால் நகரம் தன்னை எனக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். ஒரே மாதிரியான ஜன்னல்கள் எதையும் விளக்குவதில்லை. கட்டடத்துக்குள் இல்லாததைப் பட்டியலால் கொண்டுவர முடியாது.

இருந்தாலும் அந்தப் பட்டியலை இழித்துரைக்க மாட்டேன். இவ்வளவு நுணுக்கமாக விதிகளை ஆட்டக்காரரிடம் ஒப்படைத்த பெரிய நிறுவன விளையாட்டுகள் அரிது. மற்றவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொண்டிருக்கலாம்.

பிறகு நடந்தது

விமர்சன மதிப்பெண்களைத் தொகுக்கும் மெட்டாக்ரிட்டிக் தளத்தில் சராசரி மதிப்பெண் 70-ஐ ஒட்டி நின்றது. மோசமில்லை என்று சொல்லலாம், நல்லது என்று சொல்ல முடியாது. ஒப்பிட்டுப் பார்க்க அதே நிறுவனத்தின் 2011 வெளியீடான 'டியூஸ் எக்ஸ்: ஹியூமன் ரெவல்யூஷன்' இருக்கிறது. அதுவும் பிறர் உருவாக்கிய புகழ்பெற்ற தொடரின் மறுவருகைதான். தலைமை எதிரிகளுடனான சண்டைகள் சொதப்பலாக இருந்தும் ஓர் இடத்துக்குப் பல வழிகள் என்ற மூலத்தின் உயிரை அது காப்பாற்றிக்கொண்டது. ஆகவே மான்ட்ரியலில் திறமைக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்ல முடியாது. 'தீஃப்' தொடரில் உயிர் எங்கே இருக்கிறது என்ற கேள்வியில்தான் வழுக்கினார்கள். 2022-இல் தாய் நிறுவனமான ஸ்கொயர் எனிக்ஸ் ஈடோஸ் மான்ட்ரியலை மற்ற சில ஸ்டூடியோக்களோடு சேர்த்து எம்ப்ரேசர் குழுமத்துக்கு 30 கோடி டாலருக்கு விற்றது. தொடரின் உரிமையும் அதோடு கைமாறியது.

இதற்கிடையில் ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை. 'டூம் 3' என்ஜினை வைத்துத் தன்னார்வலர்கள் கட்டிய 'தி டார்க் மாட்', மறுதொடக்கம் வருவதற்குச் சில மாதங்கள் முன்பு, 2013-இல், தனித்து இயங்கும் இலவச விளையாட்டாக மாறியது. முதல் பாகத்தின் 25-ஆம் ஆண்டையொட்டி 2023 டிசம்பரில் 'தி பிளாக் பரேட்' என்ற முழு நீளத் தொடர் பணிகளை ரசிகர்களே வெளியிட்டார்கள், அதே பழைய டார்க் என்ஜினில். முனைமழுங்கிய கைகள், முகமே சரியில்லாத காவலர்கள். ஆனால் வளைவுக்கு அப்பால் நடப்பவன் வளைவுக்கு அப்பால்தான் கேட்கிறான்.

2014-இன் விளையாட்டை இன்று வாங்குவோருக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இதுதான். மூலத்தை இன்னும் தொடாதவர் என்றால் இதை முதலில் விளையாடுங்கள், பிறகு திரும்பிப் போவது வலிக்காது. நான்காவது கடினநிலையில் ஃபோகஸையும் பொருள் மினுமினுப்பையும் அணையுங்கள். இலக்குக் குறியையும் சிறு வரைபடத்தையும் மட்டும் விட்டுவையுங்கள், இல்லாவிட்டால் ஜன்னல் தேடியே மாலை கழியும். பின்னணி இசையின் அளவைப் பாதியாகக் குறையுங்கள். கதை மூன்றாம் அத்தியாயத்தைத் தாண்டியதும் நிறுத்திவிட்டு, எக்டரின் பணிகளையும் விட்டோரியின் பணிகளையும் வரிசையாக முடியுங்கள். அதற்குப் பிறகும் ஆவல் இருந்தால் காப்பகம் வரை போகலாம். ஏழாவதும் எட்டாவதும் அத்தியாயங்களை முடித்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.